தூண் மறைவில் ஒரு தள்ளுவண்டி

வண்டியைப் பழையபடி வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் எல்லாம் கை மீறிப் போனது. இப்போது ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. உள்ளே முதலாளி முன்னால் அம்மா. வெளியே பெஞ்சில், நகத்தைக் கடித்தபடி இவள்.

ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடம் அது. அம்மா மேற்பார்வை. பள்ளி விடுமுறையில் மகளும் கூடமாட உதவ வந்திருந்தாள். இஸ்திரிப் பிரிவு வாசலில் துவைத்த விரிப்புகளோடு எத்தனை வண்டி நிற்கிறதென்று எட்டிப் பார்த்து, குறைந்தால் சலவைக்காரர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், நிறைந்தால் குறைப்பார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அம்மா செய்து வைத்த ஏற்பாடு.

காலையில் கால் கடுத்ததால் இவள் ஒரு வண்டியைத் தூண் மறைவுக்குத் தள்ளிப்போய், விரிப்புகள்மேல் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

வண்டி குறைகிறதே என்று இஸ்திரிக்காரர்கள் எதற்கும் இருக்கட்டுமென இரண்டை உள்ளே பதுக்கினார்கள். வாசல் வெறிச்சோடியதைக் கண்ட சலவைக்காரர்கள், சரியாகக் காயாததையும் அள்ளி அனுப்பினார்கள். விழித்தவள் பதறிப்போய் வண்டியைத் திருப்பி வைத்தாள். பதுக்கியவையும் வெளியே வந்தன. வாசல் நிரம்பி வழிய, சலவையை நிறுத்தினார்கள். ஈர விரிப்பு இஸ்திரி மெஷினில் சுற்றிக்கொண்டு அதுவும் நின்றது. சாயங்காலம் பெரிய ஓட்டலுக்கு அனுப்ப ஒன்றுகூட இல்லை.

சலவைக்கூடத்து வேன் டிரைவர் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னடி, ஆந்தை மாதிரி முழிச்சிட்டிருக்கே?"

சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"ஒரு வண்டிக்கா இவ்வளவும்? நான்கூடத்தான் காலி வண்டி கெடைக்காமப் போயிருமோன்னு இன்னிக்கு ஒண்ணை வேன்ல ஒளிச்சு வெச்சேன்."

"அம்மாவ வேலைய விட்டு எடுத்துருவாங்களாண்ணா?"

"அப்படித்தான் பேச்சு. நீ வாயத் தெறக்காத. சொன்னாலும் யாரு நம்பப்போறா."

அவள் எழுந்து கதவைத் தள்ளினாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். முதலாளி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. நாளைக்கும் இதே ஆளுங்க, இதே வண்டிங்க. நீ மட்டும் தூங்காம இருந்தா, எல்லாம் ஒழுங்கா நடந்துருமா?"

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், தப்பு ஏற்பாட்டில் இல்லை என்றாகி அம்மாவின் வேலை பிழைக்கும்.

ஆனால் ஒரு வண்டி குறைந்ததும் ஆளாளுக்குப் பதுக்குகிற இடத்தில் அப்படி நடந்துவிடுமா?