அக்கா எடுத்த மதிப்பெண்

"இதனால வேலைக்குப் போகாம இருந்தது உண்டாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒரு நாள்கூட இல்லைங்க" என்றாள் அக்கா, ஏதோ பாராட்டுப் பத்திரம் தரப்போகிறார்கள் என்பதுபோல் நிமிர்ந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குச் சற்று முன்பு, அக்கா கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில்தான் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். மாதாமாதம் போகும் இந்த ரத்தம் அவள் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்களாம். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் இலவசமாக ஆபரேஷன். தாண்டாவிட்டால் பழைய டானிக்தான். அதைக் குடித்துக் குடித்துப் பல் கறுத்ததுதான் மிச்சம். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் படும் பாடு என்ன கொஞ்சமா? நடந்ததைச் சொன்னாலே நூறைத் தாண்டும் என்று நினைத்துவிட்டேன், மடச்சி.

லீவு போடவில்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. முன்பு பெரிய துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். அவள் துணியை விரித்துக் காட்டினால் சும்மா பார்க்க வந்தவர்கள்கூட வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே உடையெல்லாம் நனைந்து போனது. அன்றோடு அந்த வேலையை விட்டாள். இப்போது ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரி போடுகிறாள். அங்கே ஆள் வராது. நீராவியில் முகம் வெந்தாலும், பக்கத்திலேயே கழிவறை. அப்புறம் எதற்கு லீவு?

"வெளியூர் போக வரக் கஷ்டமா இருக்கா?"

"இல்லைங்க. நான் எங்கயும் போறதில்ல."

நர்ஸின் விரல் மடியிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை'யைத் தொட்டது.

"நாலு பேர் கூடற இடத்துல சங்கடமா இருந்திருக்கா?"

"யாரும் கூப்பிடறதில்லைங்க. வரமாட்டேன்னு தெரியும்."

மறுபடியும் 'இல்லை'.

"வீட்டுக்காரரோட நெருக்கமா இருக்கறதுல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு தனியாத்தான் படுக்கறாரு. அதுல ஒண்ணும் சண்டையில்லைங்க."

நான் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கும் எனக்கு வாய்க்குப் பூட்டுப் போட வராது. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? என் கல்யாணத்துலயே சமையல்கட்டைத் தாண்டி வரலையே நீ!" என்று கத்திவிட்டேன்.

"நீ சும்மா இருடி. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னேன், அதுக்கு 'ஆமா'ன்னு போட்டுட்டாங்க" என்றாள், தான் எதையும் மறைக்கவில்லை என்பதுபோல.

"அவங்க பதில் மட்டும்தாங்க கணக்கு. நீங்க சொல்லக்கூடாது" என்றாள் நர்ஸ்.

கடைசியில் திரையில் வந்தது இருபத்திரண்டு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "கம்மியாத்தான் இருக்கு. சுகர் மாதிரிதானே, குறைஞ்சா நல்லது?"

"நாசமாப் போச்சு. உனக்கு ஆபரேஷன் கிடையாதுக்கா. அவ்வளவுதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலில் இருந்த கோபம் எனக்கே கேட்டது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நர்ஸ் நல்ல பெண். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையிலிருந்த பதில்களையெல்லாம் அழித்தாள். "முதல்லருந்து கேக்கறேம்மா. அவசரமில்ல. இந்தத் தொந்தரவே இல்லேன்னு வச்சுக்குங்க. என்னெல்லாம் செஞ்சிருப்பீங்க? அதை மனசுல வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுங்க."

அக்கா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, நிஜமாகவே யோசித்தாள். சொல்வதற்குத்தான் எத்தனை இருக்கிறது! துணிக்கடையில் மேற்பார்வை வேலை தருவதாக இருந்தார்கள். கார் ஓட்டக் கற்க வேண்டும் என்று துடியாய்த் துடித்தாள். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நான் சொல்லக்கூடாது என்றுவிட்டார்களே, பாவிகள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வயசுக்கு வந்ததுலருந்தே இப்படித்தாங்க" என்றாள் அக்கா. பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்தாள். சட்டென்று முகம் தெளிந்தது.

"கறைத் துணி துவைக்கற வேலை மிச்சமாகும்ங்க."

எதைத் தொடுவது என்று தெரியாமல் நர்ஸின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. அக்கா அந்த விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தப்பா சொல்லிட்டேனாடி?"