ஸ்பீக்கர் அலறும்போது மட்டும்

சேரிம் கதவைத் திறந்தாளே தவிர, உள்ளே வா என்று சொல்லவில்லை. தம்பி சுங்மோ ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளைத் தாண்டி நேராக மேசைக்குப் போனான்.

சியோலில், யோங்சான் மின்பொருள் சந்தைக்குப் பின்புறம் ஒரு மொட்டைமாடி அறை அது. மேசைமேல் இருவரும் சேர்ந்து செய்த கையடக்க விளையாட்டுக் கருவி கிடந்தது. சர்க்யூட் அக்காவுடையது, உள்ளே ஓடும் விளையாட்டைத் தம்பி எழுதியிருந்தான். அதைப் பற்றி ஒரு பத்திரிகை அவனைப் பேட்டி எடுத்தபோது, 'தனி ஒருவனின் படைப்பு' என்று தலைப்பு வந்தது. அக்கா பெயர் எங்கும் இல்லை. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நாளை கண்காட்சி. கருவியோ ஆடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடுகிறது.

"உன் புரோகிராம்தான் ஹேங் ஆகுது," என்றாள் சேரிம்.

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? நீ ஒயருக்கு ஈயம் பத்தவைச்சதைப் பாரு. கோழி கிளறின மாதிரி இருக்கு."

அவன் விளையாட்டை நீக்கிவிட்டு, திரையில் ஒரு புள்ளி மட்டும் ஓடும்படி சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றினான். புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

"பாத்தியா? உன் விளையாட்டு இல்லேன்னா நல்லா ஓடுது. சர்க்யூட்ல ஒண்ணுமில்ல."

"வாயை மூடுக்கா. இன்னும் முடியல."

புள்ளியோடு வெடிச் சத்தத்தையும் சேர்த்தான். மூன்றாவது வெடிக்குப் புள்ளி அப்படியே நின்றது. சேரிம் கைகொட்டிச் சிரித்தாள். அவன் இயர்போனைச் செருகி, அதே புரோகிராமை மறுபடி ஓடவிட்டான். வெடித்துக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. இயர்போனைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் அலறியது, திரை உறைந்தது.

சேரிமின் சிரிப்பு நின்றுவிட்டது. கோளாறு தன் பக்கம்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய், கடையிலிருந்து வந்திருந்த கறுப்பு சாஸ் நூடுல்ஸைப் பிரித்துத் தன் கிண்ணத்தை மட்டும் கலக்கத் தொடங்கினாள்.

சுங்மோ மல்டிமீட்டர் முனைகளைச் சர்க்யூட்டில் வைத்தான். ஒவ்வொரு வெடிக்கும் வோல்டேஜ் தொபுக்கென்று விழுந்தது. பேட்டரியிலேயே வைத்துப் பார்த்தான், அங்கே அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது முடி போன்ற ஒரு ஒயர்.

"இது எதுல இருந்து உருவினது?"

"பழைய இயர்போன்."

"பேட்டரிக்கு இயர்போன் ஒயரா? உனக்கு மூளை இருக்கா? ஸ்பீக்கர் கேக்குற கரண்ட் இதுல எப்படி வரும்?"

"சிகரெட் பெட்டி மாதிரி ஒல்லியா வேணும்னு கருவிக்குக் கூடு வாங்கிட்டு வந்தவன் யாரு? தடி ஒயர் அதுல எங்க நுழையும்? உன் மண்டையிலயா?"

அவளே கூட்டின் உள்சுவரை வெட்டி எறிந்தாள். தடித்த ஒயரைப் பற்றவைத்தாள். அதில் விரலைச் சுட்டுக்கொண்டாள். முழுச் சத்தத்தில் விளையாட்டை ஓடவிட்டார்கள். சுங்மோவின் நூடுல்ஸ் ஊறிக் களியாகும்வரை ஓடியது. நிற்கவில்லை.

"நான் கண்டுபிடிக்கலேன்னா சொல்லியிருப்பியா?" என்று கேட்டான்.

"சொல்லியிருக்க மாட்டேன்."

"அதானே."

"பத்திரிகைக்காரன்கிட்ட என் பேரைச் சொன்னியா நீ?"

"அவன் கேக்கல."

"கேக்கலேன்னு அம்மாகிட்டயும் சொன்ன. அம்மா நம்புவா. நான் நம்பமாட்டேன்டா, நாயே."

அவன் மேலங்கியை எடுத்தான். "நாளைக்கு நீயே தனியா போ. உன் மூஞ்சிய நாள் முழுக்க என்னால பாக்க முடியாது."

"நீ போ. நான் வரல."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

காலையில் சேரிம் கருவியோடு கண்காட்சிக்குப் போனபோது சுங்மோ ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். அவள் வரமாட்டாள், கருவியை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள் என்று நினைத்திருக்கிறான். அவன் வரமாட்டான் என்று அவளும் நினைத்திருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய மேசைக்கு ஒரே நாற்காலிதான் போட்டிருந்தார்கள்.

சேரிம் அதில் உட்கார்ந்தாள். மாலைவரை எழுந்திருக்கவில்லை.