பிரதட்சிணம் வந்த படகு

என் வீட்டுக்காரர் சத்யராஜுக்கு எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் பேச வராது. கார் ஓட்டும்போதும் அப்படித்தான். அந்த மனிதர் போய்ப் பாய்மரப் படகு வாங்கினார். காஞ்சிபுரத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவருக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் காரில் போகும்போது கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பொறுமையாகப் பதில் சொன்னார், கார் ஒரு இளநீர் வண்டியை இடித்து நின்றது.

படகில் கூட்டாளி ஜான்சன். கப்பலில் பல வருஷம் இருந்தவர் என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்கப் பெயர். இருந்தது உண்மைதான், சமையலறையில். இரண்டு பேருமாக முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்றைப் பழசாக வாங்கி, புதுச்சேரியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் கட்டிப் போட்டார்கள். முதல் நாள் சத்யராஜ்தான் சக்கரத்தைப் பிடித்தார். ஜான்சனோடு பேசினார், படகு ஜான்சன் பக்கம் போனது. "இன்னா வடிவு, காத்து எப்டி இருக்குது?" என்று என் பக்கம் திரும்பினார், படகு மீன் வலை மேல் ஏறியது. வலைக்காரர்கள் பேசியதை எழுத முடியாது.

விற்றுவிடுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். வாங்க ஆளும் இருந்தார். பைபாஸில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் வெங்கடேசன், படகைக் கடை வாசலில் நிறுத்தினால் சென்னைக் கார்களெல்லாம் நிற்கும் என்று ஆசைப்பட்டார்.

"சக்கரத்துல மாட்ற ஆட்டோ பைலட்னு ஒண்ணு இருக்குதுமா," என்று சத்யராஜ் கெஞ்சினார். "நேரா போன்னா நேரா போவும். யார் மூஞ்சியையும் பாக்காது."

அந்தக் கடைசிக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. "சரி. கடல்ல நான் ஒரு கோயில் இட்லி தின்னு முடிக்கிற வரைக்கும் யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது. முடிக்கும்போது படகு நேரா போய்க்கினு இருக்கணும். இல்லன்னா பிரியாணிக் கடை," என்றேன். மிளகும் சுக்கும் போட்ட எங்கள் ஊர் கோயில் இட்லியை அவசரமாக விழுங்க முடியாது. தண்ணீர் வேண்டும், பொறுமை வேண்டும்.

எந்திரம் எடுக்கச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவதைப் பிரித்தால் உள்ளே பல்சக்கரமெல்லாம் பிளாஸ்டிக். இரண்டாவது எங்கள் படகின் எடைக்குக் கச்சிதம் என்றார். நான் ஜாக்கெட் தைப்பவள். கச்சிதமாகத் தைத்தால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் தையல் விடும், எப்போதும் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைக்க வேண்டும். படகிலும் ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறுமே. அதனால் இன்னும் பெரிய படகுக்குச் செய்த மூன்றாவதைக் காட்டி, "இது கெட்டா யார் வருவாங்க?" என்று கேட்டேன். அவரே வருவாராம், சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால் மாற்றுப் பெல்ட்டும் கையிருப்பில் இருக்கிறதாம். அதையே எடுத்தோம்.

"திசை பாக்கற பெட்டி இது. கிட்ட காந்தம் எதையும் கொண்டாராதீங்க," என்று கடைக்காரர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டிச் சொன்னார். சத்யராஜ் அவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார். முகம் பார்த்துக் கேட்டால் காதில் ஏறாது போலிருக்கிறது.

அந்த வாரம் என் கடையில் தையல் மிஷின் மேலிருந்த பிள்ளையார் காணாமல் போனார். கார்களில் ஒட்டி வைப்பார்களே, அந்த வகை. குண்டூசி டப்பா கவிழ்ந்தால் அவரைத் தரையில் ஒரு சுற்றுக் காட்டுவேன், அத்தனை ஊசியும் அவர் பாதத்தில் வந்து சேரும். பக்கத்துக் கடைப் பூனையைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

பரீட்சை நாளில் வெங்கடேசனும் அளவு டேப்போடு படகில் ஏறினார். ஜான்சனுக்குப் பாய் விரிக்க இன்னும் பழகாததால் இன்ஜினில்தான் போனோம். கடலுக்குள் வந்ததும் அவர் பொத்தானை அமுக்கினார், நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கலங்கரை விளக்கம் பின்னால் இருந்தது. முதல் வாய்க்கு அது வலது பக்கம் வந்தது. இரண்டாம் வாய்க்கு முன்னால் வந்தது. பிறகு இடது பக்கம், பிறகு பழையபடி பின்னால். படகு விடாமல் வலம் வந்துகொண்டிருந்தது.

"கப்பல்ல இப்டி ஆச்சுன்னா இன்னாபா பண்ணுவாங்க?" என்று சத்யராஜ் கேட்டார்.

"எனக்கு எப்டிபா தெரியும்? நான் கீழ வெங்காயம் அரிஞ்சிக்கினு இருப்பேன்," என்றார் ஜான்சன்.

எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் எடுக்கக் கீழ் அறைக்கு இறங்கினேன். திசை பார்க்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் மேல், சந்தனம் குங்குமம் செம்பருத்தியோடு, என் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டி அவருக்கென்றே செய்த பீடம் மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டிக்கு அவரைத் தவிர வேறு திசை தெரியவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்றும் முடிவு செய்தேன். ஒரு இட்லி நேரம் சும்மா இருந்தால் படகுத் தொல்லை ஒழிந்தது. தண்ணீர் பாட்டிலோடு மேலே வந்தேன்.

வெங்கடேசன் என் இருக்கையை அளந்துகொண்டிருந்தார். "இந்த சீட்டைப் பேத்துட்டு, கை கழுவற தொட்டி வெச்சிடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளெல்லாம் குனிந்து அடுத்தவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவள் நான். தலையை நிமிர்த்தித் தூரமாகப் பார்ப்பதற்கு எனக்கிருந்த ஒரே இடம் அந்த இருக்கை. வலையில் ஏறிய அன்றைக்கே அது எனக்குப் பிடித்துவிட்டது, வெளியில் சொல்லவில்லை. சத்யராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

மறுபடி கீழே போய்ப் பிள்ளையாரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, படகின் முன்கோடியில் போய் உட்கார்ந்தேன். மிச்ச இட்லியைப் பொறுமையாகத் தின்றேன். படகு வகிடு எடுத்த மாதிரி நேராகப் போனது.

"மொதல்ல சுத்துச்சே, அது கணக்கு இல்லியாமா?" என்றார் வெங்கடேசன்.

"புது மிஷின், சாமி சுத்திச்சு. சுத்தாம எப்டி கெளம்பும்?" என்றேன். வெங்கடேசனும் கோயில் ஊர்க்காரர்தானே. டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

பிள்ளையார் எங்கே என்று சத்யராஜ் கேட்டபோது, ஊசி பொறுக்கக் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் படகு கிளம்பினால் நானும் போகிறேன், என் கைப்பையும் வருகிறது. சாயங்காலம் ஆகியும் இரண்டு பேரும் அரசியல் பேசி முடிக்காவிட்டால், தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிப் பையைச் சாம்பல் பெட்டி மேல் வைக்கிறேன். படகு மெதுவாக வலம் வர ஆரம்பிக்கும்.

"மிஷினுக்கு இன்னிக்கு இது போதும் அண்ணி, திரும்பிடலாம்," என்று ஜான்சன் அதை அணைத்துவிட்டு, தானே சக்கரத்தைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவருவார்.

வீட்டுக்குப் போகும் நேரம்கூட அதற்குத் தெரிகிறது, அவ்வளவு நம்பகமான எந்திரம் என்று சத்யராஜ் ஊரெல்லாம் சொல்கிறார். தேர்ந்தெடுத்தது வடிவு என்றும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.