கைராசி டாக்டரின் வக்கீல்

தங்கை போன் செய்தபோது நான் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, பித்தப்பையில கல்லாம். வர்ற புதன்கிழமை ஆபரேஷன். நீ பயப்படாதே, நம்ம டாக்டர்கிட்டதான்."

"நம்ம டாக்டர்னா யாரு?"

"அதான், நீ கேஸ் ஜெயிச்சுக் கொடுத்தியே, கைராசி டாக்டர். அத்தனை பேர் முன்னாடி அவர் மேல தப்பே இல்லைன்னு நீயே நிரூபிச்சிருக்க. அப்புறம் வேற யாருகிட்ட போறது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தூண் ஓரமாக நகர்ந்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சையில் தவறு நடந்தது என்று டாக்டர்கள் மேல் வழக்குப் போடுவார்கள் அல்லவா, அந்த டாக்டர்களுக்காக வாதாடுகிறவள் நான். தலை நரைக்கும் அளவுக்கு இதையே செய்துவிட்டேன். தோற்ற வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜெயித்த டாக்டர் எல்லாம் தப்பே செய்யாதவர் என்று ஊர் நினைக்கிறது. வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்பதற்கும் தப்பு நடக்கவில்லை என்பதற்கும் நடுவே ஒரு லாரி போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வீட்டு விசேஷங்களில் எனக்கு முதல் வரிசை நாற்காலி கிடைத்திருக்காது.

கைராசி டாக்டருக்குக் கை நல்ல கைதான். சிக்கல் அவர் வாயில் இருந்தது. குடல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பள்ளிக்கூட டீச்சர் இறந்துபோனார்; நான் ஜெயித்தது அந்த வழக்கைத்தான். ஏதோ சரியில்லை என்று ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இதை அவர் என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதபடி சொன்னார். கட்சிக்காரர் அப்படிச் சொன்னது என்னோடு மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே விட்டால் என் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

எனவே தங்கையிடம், "இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடலாமே" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வக்கீலம்மாவுக்கு எல்லாத்துக்கும் ரெண்டாவது சாட்சி வேணும். ஏன், அவர்கிட்ட ஏதாவது குறை இருக்கா?"

வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல, சும்மாதான் சொன்னேன்" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்வதுதான், இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம். அன்று மாலை தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். கல்லைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் குலுக்கிக் காட்டி, "மோதிரத்துல பதிச்சுக்கவாக்கா?" என்றாள். நானும் சிரித்துவிட்டு, வீண் பயம் பயந்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போனபோது அவள் சிரிக்கவில்லை. வலது தோளில் வலி என்றாள். வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், நர்ஸிடம் கேட்டார். வயிற்றுக்குள் ஏற்றிய காற்றினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். மதியம் உடம்பு கொதித்தது. வயிறு பானைபோல் உப்பி, தொட்டால் துடித்தாள். நாடி எகிறிக்கொண்டிருந்தது. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் இறந்துபோனவர்களின் கேஸ் ஷீட்டுகளை டாக்டர்களைவிட அதிகமாகப் படித்திருக்கிறேன். அவற்றில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கைராசி டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வழக்கமான வெள்ளைச் சட்டை, வழக்கமான புன்னகை. நான் கட்டிலின் ஒரு பக்கம், மாப்பிள்ளை மறுபக்கம்.

"டாக்டர், காய்ச்சல் எதனால?" என்று கேட்டேன்.

அவர் என் கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மூச்சு விட்டார். பிறகு உடம்பை மெதுவாகத் திருப்பி, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"இந்த மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்பார்க்கக்கூடிய ஒன்னுதாங்க இது. கவனிச்சுக்கிட்டு இருக்கோம்."

அந்தத் திரும்பலைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

கூண்டில் ஏறும் ஒவ்வொரு டாக்டரையும் என் ஆபீஸில் உட்காரவைத்துப் பழக்குவேன். குறுக்கு விசாரணை செய்யும் எதிர்த்தரப்பு வக்கீலாக நான் கத்துவேன். என் குமாஸ்தா உயரமான நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்திருப்பார். அந்த வேஷத்துக்காகவே அவர் அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். கேட்டவரைப் பார்த்து ஒருபோதும் பதில் சொல்லக் கூடாது என்பதுதான் முதல் பாடம். கேள்வியை வாங்கிக்கொள், மூச்சு விடு, நீதிபதி பக்கம் திரும்பு, சின்னதாகச் சொல், நிறுத்து. கேட்டவர் கண்ணைப் பார்த்தால் உண்மை வழுக்கி வெளியே வந்துவிடும். கைராசி டாக்டருக்கு இது படிய நாளாயிற்று. குமாஸ்தாவைப் பார்த்துப் பேசிப் பேசிக் கடைசியில் தூக்கத்தில்கூடத் திரும்புவார் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

மறைக்க ஒன்றுமில்லாத டாக்டர் நோயாளியின் அக்காவைப் பார்த்துத்தான் பேசுவார். இவர் இப்போதே கூண்டில் ஏறி நின்றுவிட்டார். தங்கை இன்னும் உயிரோடு முனகிக்கொண்டிருக்கும்போதே.

மாப்பிள்ளையோ பாவம், உண்மையான நீதிபதி மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வார்டைவிட்டு வெளியே வந்தேன். டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நோயாளிகளுக்கான ஸ்டூல்தான் இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

"உள்ள ஏதோ கசியுது. உங்களுக்குத் தெரியும்."

"அப்படிச் சொல்றதுக்கு இப்போதைக்கு ஆதாரம் எதுவும் இல்ல மேடம்."

"ஸ்கேன் எடுத்தீங்களா?"

"தேவைப்பட்டா எடுப்போம்."

"ஆபரேஷன் நடக்கும்போது ஏதாவது நடந்துச்சா?"

"வழக்கமான முறைப்படிதான் செஞ்சோம்."

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறையில் வேறு யாரும் இல்லாததால் சுவரில் மாட்டியிருந்த குடல் படம் போட்ட அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னார். அந்தப் பேச்சு, எத்தனையோ கெட்டிக்கார வக்கீல்களை முட்டவைத்து அனுப்பிய சுவர். அதை நானே செங்கல் செங்கலாக எடுத்துக் கட்டியிருந்தேன். இப்போது வெளியே நின்று முட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், நான் கேஸ் போட மாட்டேன். எங்க வீட்டுல யாரும் போட மாட்டாங்க. சத்தியமா சொல்றேன்."

அவர் லேசாகச் சிரித்தார். அது பயந்தவன் சிரிப்பு. "அழுதுகிட்டு வர்ற குடும்பம் குடுக்கிற வாக்கை மட்டும் நம்பிடாதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். அந்தப் பிடி என் இடுப்பில் இருக்கிற மாதிரியே இருந்தது. இவரைக் கெஞ்சிப் பயனில்லை. சட்டையைப் பிடித்தால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார். வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், இவர் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லாமல் எந்த சர்ஜனும் உடனே கத்தியை எடுக்க மாட்டார். முதலிலிருந்து டெஸ்ட் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும்.

இவரை எது அசைக்கும் என்று யோசித்தேன். மனசாட்சி என்றால் அந்த டீச்சர் சாகும் முன்பே அசைந்திருக்கும். பயம் ஒன்றுதான் மிச்சம்.

"சரி. ஒன்னு மட்டும் யோசிங்க" என்றேன். "போன தடவை உங்களுக்கு நான் இருந்தேன். இந்தத் தடவை அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு வக்கீல் கிடையாது. உங்களுக்கு எதிர்ல சாட்சி சொல்ல நான்தான் நிப்பேன். எங்க தட்டினா நீங்க உடைவீங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். முதல்முறையாக என்னைப் பார்த்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"பித்தக்குழாயை அடைக்கப் போட்ட ஒரு கிளிப் சரியா உட்காரலை" என்றார். "போடும்போதே கைக்குத் தெரிஞ்சுது. தாங்கிடும்னு நினைச்சேன். பித்தநீர் கசியுதுன்னு நினைக்கிறேன். நேத்து ராத்திரியிலேர்ந்தே..."

"எந்திரிங்க" என்றேன்.

அவர் எழுந்தார். எழுந்தபின் வேறு மனிதராகிவிட்டார். போனை எடுத்து தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார், மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார், ஸ்கேனுக்கு ஆள் அனுப்பினார். கை நல்ல கை என்று சொன்னேன் அல்லவா.

ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை ஒரு பக்கம் ஓடிவந்தார், நான் மறுபக்கம். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கை நெருப்பாய்ச் சுட்டது.

"மறுபடியும் எதுக்குக்கா? எனக்குப் பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லுக்கா."

"சின்ன விஷயம்தான். சுத்தம் பண்ணிட்டு வந்துடுவாங்க."

"அக்கா, என்னைப் பார்த்துச் சொல்லு. இவர் நல்ல டாக்டர்தானே? அந்தக் கேஸ்ல இவர் மேல நிஜமாவே தப்பு இல்லைதானே?"

லிஃப்ட் கதவு திறந்தது. வேண்டாம் என்று அவளே நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் தங்கை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள்.

"அவர் மேல எந்தத் தப்பும் இல்லடி. நான்தானே கேஸ் நடத்தினேன்? எனக்குத் தெரியாதா?"

உடனே பிடியை விட்டாள். எந்த நீதிபதியும் என்னை இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. கதவு மூடிய பிறகு நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் செத்துப்போனால் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

அவள் சாகவில்லை. சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். வயிற்றிலிருந்து குழாய் வழியே பச்சையாய் வடிவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காய்ச்சல் விட்டது. சாதாரண அறைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் முதலில் சீப்புதான் கேட்டாள். சிக்கெடுக்க உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தலை என் மடியில். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

"நீ சொன்ன தைரியத்துலதான்க்கா உள்ள போனேன். இல்லைன்னா அந்த லிஃப்ட்லயே உயிர் போயிருக்கும். நம்ம எதிர்வீட்டு அக்கா காலையில போன் பண்ணாங்க. அவங்களுக்கும் இதே கல்லுதானாம். கண்ணை மூடிக்கிட்டு கைராசி டாக்டர்கிட்ட போங்க, எங்க அக்காவே உத்தரவாதம்னு சொல்லிட்டேன். நாளைக்கு அட்மிட் ஆகுறாங்க."

சீப்பு நின்றுவிட்டது.

எதிர்வீட்டு அக்கா தனி மனுஷி. பிள்ளைகள் எங்கெங்கேயோ இருக்கிறார்கள். உள்ளே ஏதாவது நழுவினால் அந்த டாக்டரின் வாயைத் திறக்கவைக்க அவளுக்கு யாரும் இல்லை. காற்றுதான், காய்ச்சல்தான், எதிர்பார்த்ததுதான் என்று கேட்டுக்கொண்டே கிடப்பாள்.

"போனைக் கொடு" என்றேன்.

"எதுக்கு?"

"கொடுடி."

எதிர்வீட்டு எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்தவுடன், "சொல்லும்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்றாள் அந்த அக்கா.

"நான் அவளோட அக்கா பேசறேன். நீங்க அந்த டாக்டர்கிட்ட போகாதீங்க. வேற யாருகிட்டயாவது போங்க."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அவருக்காகக் கேஸ் நடத்தினதே நீங்கதானே?"

"ஆமா, நான்தான். அதனாலதான் சொல்றேன்."

இது வெளியே போனால் கோட்டு போகும். போகட்டும் என்று சொல்லிக்கொள்ளும் தைரியமும் வரவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் மனம் வரவில்லை. போனை மெத்தையில் வைத்தேன்.

தங்கை என் மடியிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். தையல் இழுக்க, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்போ என்னை மட்டும் ஏன்க்கா போக விட்ட?"