ஸ்காரெ வீட்டு அமெரிக்கச் சொந்தம்

எழுபத்தொரு வயதில் ஓஸ்தா முதன்முதலாகப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள். வருகிற ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நார்வேயிலிருந்து அங்கே குடியேறிய தூர்ஸ்தைன் ஸ்காரெயின் வாரிசுகள் இருநூறு பேர் கூடுகிறார்கள். பழைய நாட்டிலிருந்து வருகிற ஒரே சொந்தம் என்று அவளை முதல் மேசையில் உட்காரவைக்கப் போவதாக அவருடைய பேத்தி மார்லிஸ் எழுதியிருந்தாள். கடிதத்தோடு விமானச் சீட்டும் வந்துவிட்டது. ஓஸ்தாவுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்த ஒருவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இருநூறு பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரி, தபால்காரர், பாதிரியார் என்று ஒருவர் விடாமல் சொல்லி முடித்தாள். கேட்க விரும்பாதவர்களிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பக்கத்துப் பண்ணை பெர்க்செத்தின் யெர்முண்ட் கடையில் வைத்து அவளைச் சீண்டினான். "போயிட்டு வா ஓஸ்தா. இந்த ஊர்லதான் உன்னைக் கேக்க ஒரு நாதி இல்ல."

"வயிறு எரியுதா? நாப்பது வருஷத்துக்கு முன்னால கதவைத் திறந்திருந்தா உனக்கும் ஒரு சொந்தம் கிடைச்சிருக்கும்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்தாள். விளையாட்டுக்குச் சொன்ன சொல் அப்படியே உண்மை என்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் மார்லிஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்க முதலில் தட்டியது பெர்க்செத் கதவைத்தான். யெர்முண்ட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திறக்காமல் இருந்துவிட்டான். மழையில் நனைந்து அவள் ஸ்காரெ வாசலுக்கு வந்தாள். தன் தாத்தா தூர்ஸ்தைன் ஓல்சன் ஸ்காரெ, இந்தப் பண்ணையிலிருந்து கப்பலேறியவர் என்றாள். ஓஸ்தாவின் தாத்தாவுக்குத் தூர்ஸ்தைன் என்று ஓர் அண்ணன் இருந்ததாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. போதாதா? இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றிலிருந்து நாற்பது வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பார்சல், பிறந்தநாளுக்குப் போன், நாலைந்து கோடைக்கு ஒரு தடவை ஒரு கார் நிறைய ஆட்கள். ஓஸ்தா உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சுருட்டிக் கொடுப்பாள். குழந்தைகள் அவளை அத்தை என்றார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் ஆளுக்கென்று குடும்பப் பெயர் கிடையாது. எந்தப் பண்ணையில் படுத்து எழுந்திருக்கிறானோ அந்தப் பண்ணையின் பெயர்தான் அவனுக்கும். ஸ்காரெயில் வேலைக்கு வந்தவன் ஸ்காரெ. அடுத்த வருஷம் வேறு பண்ணைக்குப் போனால் அந்தப் பெயர். ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குத்தான் பெயர் என்றால் ரத்தம் என்று நினைப்பு. கப்பலேறிய நாளில் ஒட்டியிருந்த பெயரையே கல்லறைவரை சுமந்தார்கள்.

எழுபத்து நாலாம் வருஷக் குளிர்காலத்தில் ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்காகத் தேவாலயப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலை ஓஸ்தாவிடம் வந்தது. பாதிரிமார்களின் பழைய கோணல் எழுத்தை அவளைப் போல் வாசிக்க அங்கே வேறு ஆள் இல்லை. அடக்கப் பதிவேட்டில் மூன்றாவது வரி அவள் முகத்தில் அறைந்தது. ஸ்காரெ வீட்டு மகன் தூர்ஸ்தைன், வயது பதினொன்று, ஆற்றில் மூழ்கிச் சாவு, 1869. புறப்பட்டுப் போனவர்களின் பட்டியலையும் புரட்டினாள். 1882-ல் அமெரிக்கா போன தூர்ஸ்தைன் ஓல்சன் ஸ்காரெ, பண்ணையாள், பிறந்த இடம் பெர்க்செத். அப்படியானால் அவன் யெர்முண்டின் தாத்தாவுக்குத் தம்பி, மார்லிஸ் பெர்க்செத் வீட்டுச் சொந்தம்.

அவள் பதிவேட்டை மூடினாள். பிறகு ஊர்ப் புத்தகத்தில், செத்துப்போன பையனின் பெயருக்கு எதிரே 'அமெரிக்கா சென்றார்' என்று காதும் காதும் வைத்ததுபோல் எழுதிவிட்டாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு சாவு மட்டும்தான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு பகலில், மார்லிஸோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அவள் மகன் கர்ட்டிஸ் தனியாக நடந்து வந்தான். கல்லூரியில் நார்வே மொழி படித்தவன். நாற்பது வயது, நிதானமான ஆள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அம்மா களைத்துப்போய் ஓட்டலில் படுத்திருக்கிறாள் என்றான். காபி குடித்தான். பழுப்புச் சீஸை மெல்லிசாகச் சீவிச் சீவித் தின்றான். பிறகு பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தான். தங்கள் ஊர் நூலகத்தில் இங்குள்ள பழைய பதிவேடுகளின் பிலிம் வந்திருக்கிறதாம், அதிலிருந்து எடுத்த படிகளாம், தனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லையாம்.

"விருந்துல இதைப் பெருசா மாட்டப் போறோம் அத்தை. நீங்க வாசிச்சுச் சொன்னாத்தான் எழுதலாம்."

முதல் தாளைப் பார்த்ததும் ஓஸ்தாவுக்கு அது எது என்று தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் எழுந்து அடுப்புவரை போய்வந்தாள். எவனோ தனக்குத் தெரியாமல் தான் புதைத்ததைத் தோண்டுகிறான் என்று பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத முகம். இருநூறு பேரையும் முதல் மேசையையும் நினைத்துக்கொண்டாள்.

அவன் விரலை மூன்றாவது வரியில் வைத்திருந்தான்.

"இது யாரோ குடிசைக்காரன் பிள்ளை. பேரு க்னூட். கக்குவான் இருமல்ல போயிருக்கான், பாவம்" என்றாள். குரல் பிசகவில்லை.

"சரி. இது?"

இரண்டாவது தாளில் அவன் காட்டிய இடத்தை, ஸ்காரெயின் மகன் தூர்ஸ்தைன், பிறந்ததும் வளர்ந்ததும் ஸ்காரெ என்று வாசித்தாள். பாதிரியார் நல்ல பையன் என்று வேறு எழுதியிருக்கிறார் என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். அவன் கேட்காததைக் கொடுத்தபோது அவள் வாயெல்லாம் பல்லாக இருந்தது.

கர்ட்டிஸ் தாள்களை நேராக அடுக்கினான்.

"எனக்கு இந்த எழுத்து வாசிக்க வரும். குளிர்காலம் பூரா உக்காந்து கத்துக்கிட்டேன். மார்ச்சுலேயே எங்களுக்குத் தெரியும்."

ஓஸ்தா காபிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி ஏதாவது ஒப்பேற்றியிருப்பாள். ஊர்ப் புத்தகத்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னான். அம்மா ஓட்டலில் இல்லை, காலையிலிருந்து பெர்க்செத்தில் இருக்கிறாள், யெர்முண்ட் வாஃபிள் அப்பம் சுட்டுப் போடுகிறார் என்றும் சொன்னான். ஆக, அவனும் பொய் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறான். அது அவனுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

"நாப்பது வருஷம்... உங்களை நான் எப்பவாவது ஏமாத்தி ஏதாவது வாங்கிருக்கேனா?" என்று ஓஸ்தா கேட்டாள்.

"இல்ல. அதைத்தான் அம்மாவும் சொன்னாங்க." அவன் எழுந்தான். "சோதிச்சுப் பாக்கலாம்னு சொன்னது நான். அம்மாவுக்கு இஷ்டமே இல்ல. அழுதாங்க. கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? 'அவ உள்ளதை உள்ளபடி வாசிச்சுட்டா, எனக்கு ரத்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவதான் என் தங்கச்சி, நான் சாகிறவரைக்கும். முதல் மேசையிலதான் உக்காருவா'ன்னாங்க. உங்க முன்னாடி நான் தாளை வச்சப்ப அம்மா அந்த வீட்ல உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டிருந்திருப்பாங்க."

"நான் போய் மார்லிஸ்கிட்ட பேசுறேன்."

"வேணாம். நீங்க பொய் சொன்னா இனிமே உங்க முகத்தைப் பாக்க மாட்டேன்னும் அவங்கதான் சொன்னாங்க. அந்த மேசைல யெர்முண்ட் உக்காருவார். உங்களுக்கு வந்த சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

அத்தை என்ற சொல் அவன் வாயிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. ஓஸ்தா அவன் கையிலிருந்து முதல் தாளைப் பிடுங்கினாள். கண்ணாடி இல்லாமலே, நின்றபடி, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பிள்ளையைப் போல் உரக்க வாசித்தாள்.

"ஸ்காரெ வீட்டு மகன் தூர்ஸ்தைன். வயசு பதினொண்ணு. ஆத்துல முழுகிச் செத்தான். அடக்கம் பண்ணினது மே மாசம் நாலாம் தேதி." மூச்சு வாங்கியது. "பாரு, வாசிச்சுட்டேன். உள்ளபடி வாசிச்சுட்டேன். மார்லிஸ்கிட்ட போய்ச் சொல்லு, ஓஸ்தா வாசிச்சுட்டாள்னு சொல்லு."

"இப்ப சரியா வாசிச்சீங்க" என்று கர்ட்டிஸ் ஒப்புக்கொண்டான். வாசலுக்குப் போய்க் குனிந்து ஷூ நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினான். அவள் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"அதை நீங்களே வச்சுக்குங்க" என்றான். "அந்தப் பையன் உங்க சொந்தம்."