குறட்டை பற்றிப் பத்து நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. எனக்கல்ல, சியாமளாவுக்கு. ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில், அவள் வீட்டுச் சமையலறையில் காபி கொடுத்தபடி இதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதைப் போய் எழுதிடாதீங்கோ" என்றாள். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'1987. பனி கொட்டும் ஒரு மாலை. தாயகம் இழந்த அந்த இளைஞனின் விழிகளில் தேங்கி நின்ற—'

அடித்துவிட்டேன். பனி இல்லை, மே மாதம். விழிகளில் எதுவும் தேங்கவில்லை. கன்னம்தான் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்.

2

இளைஞன் பெயர் சூசைதாசன். இலங்கையில் மன்னார்க்காரன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன். ஆஹென் நகர எல்லைக்கு அப்பால், பக்கத்து மாவட்டத்தில், ஓர் அகதிகள் விடுதியில் அவனுக்கு இடம். அறைத் தோழர்களில் ஒருவரான ஜேசுரட்ணம் அண்ணையின் குறட்டையைப் பற்றித்தான் அவன் சியாமளாவிடம் பேசினான். வீங்கிய கன்னத்தோடு நடித்தே காட்டினானாம். முதலில் வள்ளத்தின் மோட்டார் கிளம்பும். நடுக்கடலில் நின்றுபோகும். அண்ணைக்கு உயிர் இருக்கிறதா என்று அறையே எழுந்து உட்காரும். அப்போது பார்த்து மோட்டார் மறுபடி கிளம்பும். சியாமளா சிரித்த சிரிப்பில் பல்வலிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே அவனைப் 'பத்து நிமிட மாலை'க்கு அழைத்துவிட்டாள்.

(வாசகர் கவனிக்க: ஓர் அகதி சிரிக்க வைக்கிறான். என் பத்திரிகை ஆசிரியர் இதற்குச் சம்மதிப்பாரா என்ற சந்தேகம் எனக்கு இந்த வரியிலேயே வந்துவிட்டது.)

3

பத்து நிமிட மாலை, அவள் கணவன் சேஷாத்ரியின் கண்டுபிடிப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை, மாணவர் விடுதிக் கூடத்தில் இந்தியத் தமிழ் மாணவர்கள் கூடுவார்கள். யாரும் பேசலாம், எதைப் பற்றியும் பேசலாம், விஷயம் அற்பமாக இருந்தால் உத்தமம். இரண்டு மட்டும் கூடாது: அரசியல், அழுகை. நேரம் முடிந்ததும் சேஷாத்ரி பூஜை மணியை ஆட்டுவான். ஜெர்மன் குளிரில் தயிர் ஏன் தோய்வதில்லை என்று அவனே ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கிறான்.* பஸ்ஸில் நம் பக்கத்து இருக்கை மட்டும் ஏன் கடைசியில் நிரம்புகிறது என்று கோபாலன் என்ற மாணவன் வரைபடம் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

* உறை ஊற்ற மறந்தால் எந்த ஊரிலும் தோயாது என்கிறாள் சியாமளா. இந்தத் தகவல் கதைக்குத் தேவையில்லை, சேஷாத்ரிக்குத் தேவை.

4

குறட்டை என்றதும் சேஷாத்ரி முகத்தைச் சுளித்தான். "ஜோக் ஆயிடும், சியாமளா. அவர் ஒரு ரெஃப்யூஜி. ஆடியன்ஸ் அவர்கிட்ட வேற ஏதோ எக்ஸ்பெக்ட் பண்ணும்."

அவளைக் கேட்காமலே சுவரொட்டி தயாரித்தான். தலைப்பு: 'ஓர் அகதியின் கண்ணீர்'. கீழே சூசைதாசனின் முழுப் பெயர், அவன் விடுதி இருக்கும் ஊர், இடம், நேரம். ஊராருக்கும் புரியட்டும் என்று ஜெர்மனிலும். பல்கலைக்கழகத்தில் ஒட்டினான், பஸ் நிலையத்தில் ஒட்டினான், போலீஸ் நிலையத்துக்கு எதிர்க் கம்பத்திலும் ஒட்டினான். அங்கே நல்ல வெளிச்சமாம்.

ஒரு சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. சூசைதாசன் ஒரு ஞானஸ்நான விருந்துக்குத் தாண்டிப் போய் ஏற்கெனவே பிடிபட்டவன். இன்னொரு முறை என்றால் வழக்கு, சிறைகூட வரலாம், விண்ணப்பமும் கெட்டுப்போகும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். சேஷாத்ரிக்கு இது தெரியாது. விடுமுறை தோறும் ஹாம்பர்க், ம்யூனிக் என்று ரயிலேறுகிறவனுக்கு, டவுன் பஸ் போகும் வழியில் ஓர் எல்லை இருப்பது எப்படித் தெரியும்?

5

சூசைதாசன் முறையாகவே அனுமதி கேட்டான். அலுவலகத்தில் 'டெர்மின்' என்கிற முன்பதிவு வாங்கி, குறித்த நேரத்துக்குப் போய் நின்றான். எதற்காகப் போகிறாய் என்றார் அதிகாரி. பேசுவதற்கு. எதைப் பற்றி? மொழிபெயர்ப்பாளர் அவனிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பதிலை மொழிபெயர்த்தார்.

சனிக்கிழமை மதியம், பொதுத் தொலைபேசியிலிருந்து சியாமளாவைக் கூப்பிட்டான். "பல்லுக்கு விடுவினம், அக்கா. குறட்டைக்கு விடமாட்டினமாம்."

சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. சுவரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது, தலைப்பையும்.

"கண்ணீரோ," என்றான். "அதை எல்லாரும் கேக்கினம், அக்கா. விசாரணையிலயும் அதைத்தான் கேட்டவை. ஒருக்காலாவது ஆக்களைச் சிரிக்கப் பண்ணலாம் எண்டு நினைச்சன்." பிறகு, "நான் வாறன். பின்னேர பஸ்ஸில வாறன். அண்ணையையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு."

பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல்: "தங்கச்சி, எனக்குக் குறட்டையே இல்லை. இவன் பொய் சொல்லுறான்."

வராதீர்கள் என்று அவள் சொல்லத் தொடங்கும்போது இணைப்பு அறுந்தது.

6

முடிவு அ: வருகிறான். பேசுகிறான். தலைப்பு அப்படி என்பதால் கூடம் அழுகிறது. மணியை ஆட்ட மனமில்லாமல் சேஷாத்ரி கண்ணைத் துடைக்கிறான். (ஆசிரியருக்குப் பிடிக்கும். படம் வரையவும் வசதி.)

முடிவு ஆ: பஸ் நிலையத்தில், தன் பெயர் போட்ட சுவரொட்டிக்குக் கீழேயே பிடிபடுகிறான். அடுத்த மாதம் சேஷாத்ரி அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறான். பலத்த கைதட்டல்.

முடிவு இ: 'அன்று அவன் வரவேயில்லை. மேடையில் அந்தக் காலி நாற்காலி மட்டும்—' வேண்டாம். காலி நாற்காலியை வைத்து நான் முடித்த கதைகளுக்கு ஒரு கல்யாண மண்டபமே வாடகைக்கு எடுக்கலாம்.

7

நான்காவது முறை எழுதும்போதுதான் உறைத்தது. எல்லை அவனுக்குத்தான், மற்றவர்களுக்கு இல்லை. கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் பஸ் ஏறி அவனிடம் போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் அத்தனை தலைகளில் ஒன்றுக்கும் இது தோன்றவில்லை. மூன்று முடிவு எழுதியவனுக்கும் தோன்றவில்லை. (உங்களுக்கு?)

உடனே கதையில், கூடத்தின் நடுவே, சியாமளாவை எழுந்து நின்று பேச வைத்தேன். "அவர் பஸ் ஏறறதுக்குள்ள நாமளே அங்க போயிடலாம்."

"ஹால் புக் பண்ணியாச்சு," என்றான் சேஷாத்ரி. "போண்டா சூடா இருக்கு. அதோட, ரெஃப்யூஜி ஹாஸ்டல்ல போய் உட்கார்ந்து குறட்டை கேட்கறது நன்னாவா இருக்கும்?"

சியாமளா பூஜை மணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

(நிஜத்திலும் நடந்தாளா? கேட்டேன். காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.)

8

இனி உங்கள் பாடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஊருக்குப் போய்த் திரும்பி வருவது ஒரே பஸ். அங்கே நிறுத்தத்தில் சூசைதாசன் நிற்கிறான். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஜேசுரட்ணம் அண்ணை, நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருக்கிறார். பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்கினால் சூசைதாசன் ஏறமாட்டான். இறங்காவிட்டால் ஏறுவான்.

இந்தப் பக்கம், ஆஹெனில், அந்த பஸ் இன்னும் கிளம்பவில்லை. கதவு திறந்திருக்கிறது. சியாமளா மட்டும் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்து இருக்கை காலி. அது கடைசியில்தான் நிரம்பும் என்று கோபாலன் ஏற்கெனவே வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறான்.