செவ்வாய் வரவேண்டிய வண்டி

மாநகராட்சித் துப்புரவு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து குப்பை வண்டிகளுக்கு வழி வகுக்கும் ரூட்டுக்காரருக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. மருந்து குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது. ஜன்னலுக்கு நேர் எதிரே, சிக்னலை ஒட்டி, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, சாக்கடை ஓரமாக நின்று ஒருவர் சிரிக்கிறார். கீழே, 'உங்கள் மேயர் வேட்பாளர்'.

அந்தக் கையுறைக்காரரும் இவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி. இருபத்தாறு வருஷத்தில் அவர் மேற்பார்வையாளர், வார்டு அதிகாரி, மண்டல அதிகாரி என்று ஏறி ஏறித் துறைக்கே தலைவரானார். போன மாதம் அந்தப் பதவியையும் உதறிவிட்டுத் தேர்தலில் குதித்துவிட்டார். இவர் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறார். நாற்காலியை மட்டும் ஒருமுறை மாற்றினார்கள். அதுவும் கால் உடைந்து இவர் கீழே விழுந்த பிறகு.

திறமை இருந்தது, ஏறினார், விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். ஆனால் எந்தத் தெருவுக்கு எந்த வண்டி எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போகும் என்று இந்த ஊருக்கே அட்டவணை போட்டவர் யார்? ரூட்டுக்காரர். லாரி காலியாக மேட்டில் ஏறி, நிறைந்து பள்ளத்தில் இறங்க வேண்டும். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. சந்துக்குச் சின்ன வண்டி. இதையெல்லாம் பதினோரு மாதம் தெருத்தெருவாக நடந்து, அளந்து, எழுதினார். விடுமுறை நாட்களில் அளக்கும் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவியும் நடந்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்ததால், அந்த வருஷம் முழுக்கக் குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஊர் சுத்தமானது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கையுறைக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரம் போய் நின்றார். அவ்வளவுதான், பேரை அவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். வரைபடத்தைப் படம் பிடிக்க யாருக்குத் தோன்றும்?

தேர்தலில் நின்றதிலிருந்து கையுறைக்காரர் இவருக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டார். மூன்று தடவையும் அது அடித்து ஓயும்வரை இவர் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்த சொல்லப்போறான்? பிரசாரத்துக்கு வா, கொடி பிடின்னுதானே?" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் லாரி டிரைவர் ஒருவர் கையெழுத்து வாங்க மேலே வந்தார். துப்புரவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் என்ன நினைக்கிறது என்பதை அவர்கள் பேப்பரில் பார்ப்பதில்லை, குப்பையில் பார்ப்பார்கள்.

"சார், எதிர்த்து அந்தக் கண் டாக்டர் நிக்கிறாரே, அவர் நோட்டீஸ் குப்பையில மூட்டை மூட்டையா வருது. நம்ம கையுறை சாரோடது ஒண்ணு வரணுமே? ம்ஹூம். எல்லாரும் சமையல்கட்டுல ஒட்டி வெச்சிருக்காங்க. பின்பக்கம் வண்டி வர்ற டைம் போட்டிருக்குல்ல? கில்லாடி சார் அவரு!"

"எந்த டைம்?"

டிரைவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். முன்பக்கம் அந்தச் சிரிப்பு. ரூட்டுக்காரர் பின்பக்கம் திருப்பினார். அவருடைய அட்டவணை. வார்டு வார்டாக, கட்டம் கட்டமாக, ஒரு நிமிஷம் பிசகாமல். அவருக்கு அது மனப்பாடம், படிக்கவேண்டிய அவசியமே இல்லை. மேலே பெரிய எழுத்தில் வேட்பாளரின் பெயரைத்தான் பார்த்தார். அது போதும். கசக்கிக் கூடையில் எறிந்தார். தான் பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தன் பேர் வைத்து ஊர்வலம் விட்டதுபோல் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்துக்கான வண்டி உத்தரவில் கையெழுத்துப் போடும் நாள். ரூட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். வடக்குப் பகுதியில் செவ்வாய்க்கிழமைத் தெருக்கள் அத்தனையையும் புதன்கிழமைக்குத் தள்ளினார். காரணம்: 'வாகனப் பராமரிப்பு'. தன் தெருவும் செவ்வாய்தான். அதை மட்டும் விட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அதையும் சேர்த்தார். நோட்டீஸ் பொய்யாகட்டும். ஒவ்வொரு சமையல்கட்டிலிருந்தும் அந்தச் சிரிப்பைக் கிழித்துக் குப்பையில் போடட்டும். நினைக்க நினைக்க இனித்தது. அன்று மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

செவ்வாய் வந்தது. வண்டி வரவில்லை. பத்து மணிக்குள் வடக்குப் பகுதி முழுக்கப் பைகள் வாசலில் வெயிலில் வெந்தன. புகார் பிரிவில் போன் அலறியது. ரூட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். யாராவது கையுறைக்காரரைத் திட்ட வேண்டுமே!

பதினோரு மணிக்குப் புகார் பிரிவுப் பெண் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"சார், என்ன சார் பண்ணீங்க? போன் பண்றவங்க எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க!"

"என்னையா?"

"பேரைச் சொல்லி, இனிஷியலோட கேக்குறாங்க சார்."

ரூட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாட்டிக்கொண்டோம். யார் போட்டுக் கொடுத்தது? டிரைவரா? உத்தரவை டைப் அடித்தவரா? தலைவலி என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினார். நான்கு தெரு சுற்றி, தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். பதினோரு மாதம் நெஞ்சை நிமிர்த்தி அளந்த தெருக்கள் அவை. இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது.

அலைந்து திரிந்து, சாயங்காலம்தான் வீட்டுக்குப் போனார். வாசலில் அவர் வீட்டுப் பையும் நாறிக்கொண்டிருந்தது. உள்ளே, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கையுறைக்காரரின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அட்டவணைப் பக்கம் வெளியே தெரிய. அதைப் பார்த்ததும் பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"நீயுமா? என் வீட்டுக்குள்ளயே அவன் நோட்டீஸா? கிழிச்செறி அதை!"

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எதுக்குக் கிழிக்கணும்? உங்க பேரு அச்சுல வந்திருக்கு. அதுக்காகத்தான் ஒட்டினேன்."

"என் பேரா?"

"ஏன், நீங்க பாக்கலையா? அடியில பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கட்டங்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில், மூன்று வரி. 'இந்த அட்டவணையைத் தெருத்தெருவாக நடந்து தயாரித்தவர்' என்று தொடங்கி, அவர் பெயர், இனிஷியல், அறை எண், புகார் பிரிவின் போன் நம்பர். 'சந்தேகம் என்றால் இவரைக் கேளுங்கள். இவருக்குத் தெரியாத தெரு இந்த ஊரில் இல்லை.'

ரூட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை எழுத்து கலங்கியது.

"உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு மூணு தடவ போன் பண்ணாராம். நீங்க எடுக்கலையாம்," என்றாள் மனைவி. "கொஞ்சம் முன்னாடி நம்ம தெருமுனைக்கு ஓட்டுக் கேக்க வந்திருந்தாரு. சனங்க புடிச்சு வாங்கிட்டாங்க, நோட்டீஸ் பொய்யி, வண்டி வரலன்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அட்டவணை போட்டவரை எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும். ஒரு தெருவக்கூட விட்டவர் இல்ல. இன்னிக்கு வரலன்னா அதுக்கு ஏதோ நியாயமான காரணம் இருக்கும்'னாரு." கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன காரணம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அளவு நாடா பிடித்தவள் அவள், வாகனப் பராமரிப்பு என்று அவளிடம் சொல்ல முடியாது. கடைசியில் அவளே எழுந்துபோய், வாசலில் இருந்த பையைக் கட்டிப் பின்பக்கம் கொண்டுவைத்தாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனார். முதல் வேலையாக, அடுத்த வார உத்தரவில் செவ்வாயைச் செவ்வாயாகவே எழுதி வைத்தார். எதிரே படத்தில் கையுறைக்காரர் அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? இவ்வளவு நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று அது இன்னொரு சுற்றுப் பெருத்திருந்தது.

புகார் பிரிவிலிருந்து இணைப்புக் கொடுக்க, மேஜையில் போன் அடித்தது. எடுத்தார்.

"வண்டி அட்டவணை போட்டவர்தானே பேசுறீங்க?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் இருபத்தாறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க," என்றார். "நான்தான்."

"நல்லா இருக்குய்யா உங்க லட்சணம்! உங்களை நம்பித்தானே பையை வாசல்ல வெச்சோம்? நாய் இழுத்துத் தெருவெல்லாம் பரப்பி வெச்சிருக்கு. உங்க பேரை எதுக்குய்யா பெருசா நோட்டீஸ்ல போட்டுக்கிறீங்க?"

"தப்பு என்னோடதுதாங்க. இன்னிக்கு வண்டி வந்துரும்," என்றார் ரூட்டுக்காரர்.

அவர் போனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. அந்த அழைப்பும் அவர் பெயரைக் கேட்டுத்தான் வந்தது.